முப்பது போய் முப்பது வந்தால்

போன வாரம் ரிஸ்தெனைப் பட்டி வாசலில், கொட்டும் பனியில், கையில் சுருக்குக் கயிறோடு நிறுத்திவிட்டு நாம் பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விட்டோம். பாவம், ஒரு வாரமாக அங்கேயே நிற்கிறாள். ஓரிடத்தில் நிற்பது அவளுக்கு அறவே பிடிக்காத வேலை. சீக்கிரம் நடக்க விடுவோம். புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்கு மட்டும் நாலு வரி.

ரிஸ்தெனுக்கு நாற்பது வயது. நார்வேயின் வடகோடி மேட்டுநிலத்தில் பனிமான் வளர்க்கும் 'சாமி' என்ற பழங்குடியைச் சேர்ந்த பெண். அவளும் அண்ணன் நீலாஸும் இன்னும் மூன்று குடும்பங்களும் சேர்ந்து ஒரே மந்தையாக மேய்க்கிறார்கள். மந்தைதான் ஒன்று, மான்கள் அவரவருடையவை. காதில் வெட்டியிருக்கும் குறியைப் பார்த்தால் எது யாருடையது என்று தெரிந்துவிடும். இந்தக் கூட்டுக்கு நீலாஸ்தான் தலைவர்.

ஐந்து வருடங்களுக்கு முன் மேய்ச்சல் தேய்ந்து தரை தெரிய ஆரம்பித்தது. அப்போது ஐந்து குடும்பங்களும் தங்கள் மான்களில் முப்பது சதவீதத்தைக் குறைத்துக்கொண்டன. இந்த வருடம் மான்கள் மேயும் பாசி தேறியிருக்கிறது. அதனால் முப்பது சதவீதம் கூட்டிக்கொள்ளலாம் என்று முடிவாகியிருக்கிறது. "போனது முப்பது, வர்றது முப்பது. கணக்கு நேர்" என்று நீலாஸ் சொன்னார். எல்லாரும் தலையாட்டினார்கள். ரிஸ்தெனும்தான்.

அவளுடைய மான்கள் பழைய எண்ணிக்கைக்குத் திரும்பினால் அவள் மந்தையோடு இருப்பாள். திரும்பாவிட்டால் கடற்கரை மீன் ஆலையில் கத்தி பிடிக்க வேண்டும். ஆலைக்காரர்கள் திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். இன்று வெள்ளி.

பழைய எண்ணிக்கை என்றால் எத்தனை என்று என்னைக் கேட்காதீர்கள். நானும் இந்த ஊரில்தான் குடியிருக்கிறேன். எங்கள் பக்கத்தில் ஒருவரிடம் "உனக்கு எத்தனை மான்?" என்று கேட்பது, விருந்துக்கு வந்தவரின் சட்டைப் பையில் கைவிட்டுப் பார்ப்பதற்குச் சமம். விவரம் தெரியாத வெளியூர்க்காரர் யாராவது கேட்டால், "மரத்துக்கு அந்தப் பக்கம் கொஞ்சம், இந்தப் பக்கம் கொஞ்சம்" என்று சொல்லிச் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவோம். கட்டின புருஷனிடம்கூடச் சொல்வதில்லை. கூட்டத்தில் பேசுவதெல்லாம் சதவீதத்தில்தான். அதில் யாருடைய மானமும் வெளியே தெரியாது.

சரி, அவள் நடக்கட்டும்.

* * *

பட்டிக்குள் மான்கள் இடப்பக்கமாகவே சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தன. விடிந்ததிலிருந்து ஓடுகின்றன. நடுவில் நிற்பவர்களுக்குத் தலை சுற்றும். ரிஸ்தெனுக்கு ஒருநாளும் சுற்றியதில்லை.

இன்றைக்குக் கன்று பிரிக்கும் நாள். இந்த வருடம் பிறந்த கன்றுகளில் யார் யார் எத்தனையை உயிரோடு வைத்துக்கொள்வது என்று இன்றே முடிவாகிவிடும். வைத்துக்கொள்பவை அவரவர் சிறுபட்டிக்குப் போகும். மற்றவை இறைச்சிக்கூடத்து லாரியில் ஏறும். லாரி வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பிவிடும். இந்த மாதத்தில் வெளிச்சம் மதியச் சாப்பாட்டோடு சரி.

நிற்கும் மான் பத்துக்கு மூன்று கன்று. அதுதான் முப்பது சதவீதம். ரிஸ்தென் தன் குறி தெரிகிற தாயைத் தேடி, அதன் பின்னால் ஓடும் கன்றைப் பிடித்து, மூன்று மூன்றாகத் தன் பட்டிக்குள் தள்ளினாள். கடைசிக் கன்று உள்ளே போனதும் கதவைச் சாத்தினாள். மீதிக் கன்றுகளை நீலாஸின் ஆட்கள் லாரிப் பக்கம் ஓட்டினார்கள்.

கையுறையைக் கழற்றியபடி தன் பட்டியைப் பார்த்தாள். குறைவாகத் தெரிந்தது.

'பனியில் எல்லாமே குறைவாகத்தான் தெரியும்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

"என்ன ரிஸ்தென், கன்னை எண்ணுறியா, இல்ல கண்ணு போடுறியா?" என்று வேலிக்கு அப்பாலிருந்து குரல் கொடுத்தார் கிழவர் மிக்கல். அவரும் கூட்டில் ஒருவர். எண்பதை நெருங்கியும் வாய் மட்டும் இன்னும் இருபதில் இருக்கிறது.

"உங்க கன்னுமேலதான் கண்ணு. ஒண்ணு ரெண்டு இந்தப் பக்கம் வந்தா காதை மாத்தி வெட்டிடுவேன்."

"வெட்டு, வெட்டு. எங்கப்பா காலத்துலேருந்து அதுதானே நடக்குது!"

சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. கூடாரத்தில் காபி கொதித்திருக்கும் என்று அந்தப் பக்கம் நடந்தாள்.

* * *

கூடாரத்தில் ஐவின் மட்டும் இருந்தான். ரிஸ்தெனின் கணவன். தென்பக்கத்து நார்வேக்காரன், குளிர்காலத்தில் சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவன். கல்யாணமாகிப் பதின்மூன்று வருடத்தில் மான் எண்ணிக்கையைப் பற்றி அவன் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. கல்யாணத்துக்கு முந்தின வாரம் ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டு, மூன்று நாள் அவள் பேசாமல் இருந்ததைப் பார்த்தவன் அவன். அத்தோடு புத்தி வந்துவிட்டது.

"திங்கக்கிழமை ஆலைக்கு என்ன சொல்லப் போற?" என்றான், காபியை ஊற்றிக்கொண்டே.

"வேணாம்னுதான். முப்பது போச்சு, முப்பது வந்துடுச்சு. இனிமே எனக்கு எதுக்கு மீனு?"

ஐவின் கோப்பையை நீட்டியவன் பாதியில் நிறுத்தினான்.

"எதுல முப்பது?"

"ஏய்!"

"ஐயோ, நான் எத்தனைன்னு கேக்கல. சத்தியமா கேக்கல. இங்க பாரு." சர்க்கரைக் கட்டி டப்பாவை இழுத்துப் பலகைமேல் பத்துக் கட்டிகளை வரிசையாக வைத்தான். "இது என்னோட மான். மரத்துக்கு அந்தப் பக்கமும் இல்ல, இந்தப் பக்கமும் இல்ல. வெறும் பத்து. சரியா?"

"இப்படி வெள்ளையா இருந்தா கழுகுக்குக்கூடத் தெரியாது. சரி, சொல்லு."

"இதுல முப்பது பர்சென்ட் போச்சு." மூன்று கட்டிகளைத் திரும்ப டப்பாவில் போட்டான். "மிச்சம் ஏழு. இப்ப முப்பது பர்சென்ட் ஏத்தணும். எதுல ஏத்துவ? பத்து இப்ப இல்லையே. ஏழுலதான் ஏத்தணும். ஏழுல முப்பது பர்சென்ட்டுன்னா ரெண்டும் ஒரு துணுக்கும்."

இரண்டு கட்டிகளை வைத்தான். மூன்றாவதைப் பல்லால் கடித்து, ஒரு பொடியை மட்டும் ஓரத்தில் வைத்தான்.

"ஒன்பது, ஒரு பொடி. பத்து எங்க?"

"உன் சர்க்கரை கன்னு போடாது, அதான்" என்றாள் ரிஸ்தென். ஆனால் அவள் கண் பலகையை விட்டு நகரவில்லை.

"ரிஸ்தென், நான் உன் அண்ணனைக் குத்தம் சொல்லல..."

"பேசாம இரு."

அவள் மனதுக்குள் தன் எண்ணை வைத்துப் போட்டுப் பார்த்தாள். ஒரு தடவை. இன்னொரு தடவை. உதடு மட்டும் அசைந்தது. ஐவின் மரியாதையாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

அவளுக்குத் தன் எண்ணிக்கை தெரியுமே, முன்னாலேயே கூட்டிப் பார்த்திருக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். அண்ணன் சொன்னதை யார் கூட்டிப் பார்ப்பது? அப்பா போனபின் அவளுக்குச் சுருக்குப் போடச் சொல்லிக்கொடுத்தவர் அவர். அதுவுமில்லாமல், இறங்கின முப்பதும் ஏறின முப்பதும் ஒன்றா என்று தெரிய வேண்டுமானால் 'எதில் முப்பது' என்று யாராவது ஒருவர் கூட்டத்தில் வாய்விட்டுக் கேட்க வேண்டும். எங்கள் ஊரில் அது கெட்ட வார்த்தை. ஐந்து குடும்பமும் கௌரவமாக உட்கார்ந்து, கௌரவமாகத் தலையாட்டி, கௌரவமாக ஏமாந்துபோயின.

"பழையபடி ஆகணும்னா எவ்வளவு ஏத்தணும்?" என்றாள் மெதுவாக.

"ஏழு பத்தாகணும். மூணு வேணும். ஏழுல மூணுன்னா... நாப்பத்தி மூணு பர்சென்ட் வரும், கிட்டத்தட்ட."

வெளியே லாரியின் பலகை இறங்கும் சத்தம் கேட்டது. இரும்பு தரையில் மோதியது. ரிஸ்தென் காபியைத் தொடாமல் எழுந்தாள்.

"எங்க போற?"

"என் கன்னுங்க அதுல ஏறுது."

* * *

லாரிக்காரர் பாதி ஏற்றி முடித்திருந்தார். வடக்குப் பக்கத்திலிருந்து காற்று ஏறிக்கொண்டிருந்தது. நீலாஸ் பலகைக்குப் பக்கத்தில் நின்று, ஏறும் கன்றுகளின் காதைப் பார்த்து அனுப்பிக்கொண்டிருந்தார். ஐம்பத்திரண்டு வயது, அகன்ற தோள். பேச்சு கம்மி. அவர் ஒன்று சொன்னால் கிழவர் மிக்கல்கூட இரண்டாவது தடவை கேட்கமாட்டார்.

"அண்ணே, நிறுத்து."

"என்ன?"

"லாரியை நிறுத்தச் சொல்லு. என் கன்னு பதினெட்டை இறக்கணும்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "உன் முப்பது உன் பட்டியில இருக்கு. பார்த்துத்தானே மூடின?"

"அது முப்பதுதான். ஆனா போனது வேற முப்பது. முழு மந்தையில போச்சு, குறைஞ்ச மந்தையில வருது. நேர் ஆகாது அண்ணே. பத்துக்கு ஒன்பதுதான் வருது."

"யார் சொன்னா, உன் வீட்டுக்காரனா?"

"சர்க்கரை சொல்லுச்சு. நீயே போட்டுப் பாரு."

நீலாஸ் போட்டுப் பார்த்தார். அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, இப்போதுதான் முதல்முறையாகப் போட்டுப் பார்க்கிறார். அவர் வேண்டுமென்று செய்யவில்லை. அது ரிஸ்தெனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. ஆனால் அவர் வாயைத் திறந்ததும் அந்த ஆறுதல் போய்விட்டது.

"சரி, குறையுது. எல்லாருக்கும்தான் குறையுது. அதுக்கு என்ன பண்ண? மேய்ச்சல் இவ்வளவுதான் தாங்கும்னுதான் மொத்தத்துக்கும் முப்பது முடிவு பண்ணோம். நீ பதினெட்டு கூட வெச்சா, வேற யாராவது பதினெட்டு கம்மியா வெக்கணும்."

"நீ கம்மியா வை."

பலகைப் பக்கம் நின்ற ஆட்கள் மெல்ல இரண்டடி தள்ளிப் போனார்கள். தள்ளிப்போனாலும் காதை இங்கேயே விட்டுவிட்டுப் போனார்கள்.

"ரிஸ்தென்."

"ஏன், தப்பா? குறைக்கும்போது மிக்கல் மாமா என்ன சொன்னாரு? வீட்டுக்கு இத்தனை தலைன்னு ஒரே அளவாக் குறைப்போம்னாரு. நீதான் இல்ல, பர்சென்ட்டுல குறைப்போம்னு நின்ன. பெரிய மந்தைக்காரன், கூடக் குறைச்சுக்கிறான், எவ்வளவு பெரிய மனசுன்னு ஊரே உன்னைக் கொண்டாடுச்சு. நானும் கொண்டாடினேன். இப்ப ஏறும்போதும் பர்சென்ட். இப்ப அது யாருக்கு லாபம்? இருக்கிறவனுக்குத்தானே கூட ஏறும்? உன் முப்பதுல பதினெட்டை எனக்கு விடுறது உனக்கு ஒரு பொருட்டா?"

"என்கிட்ட எவ்வளவு இருக்குன்னு உனக்குத் தெரியுமா?"

அவர் சத்தம் போடவில்லை. தாழ்ந்த குரலில்தான் கேட்டார். ஆனால் கேட்ட விதத்தில், கேட்கக் கூடாததைக் கேட்டவள் அவள்தான் என்றாகிவிட்டது. சுற்றி நின்றவர்கள் பனியையும் பூட்ஸையும் பார்த்தார்கள்.

இத்தோடு அவள் போயிருக்க வேண்டும். வேறு எந்தப் பெண்ணும் போயிருப்பாள். ரிஸ்தெனுக்குக் காது மடல் கொதித்தது. மீன் ஆலையின் ரப்பர் ஏப்ரனும் ஈரத் தரையும் கண் முன்னால் வந்தன. இத்தனை பேர் முன்னால் என்று நினைத்தாள். அந்த நினைப்பு முடிவதற்குள் வாய் பேசிவிட்டது.

"உன்னது எனக்குத் தெரியாது. என்னதைச் சொல்றேன், கேட்டுக்கோ. இருநூறு இருந்துச்சு."

யாரோ மூச்சை இழுத்த சத்தம் கேட்டது.

"இருநூறு! முப்பது பர்சென்ட் போய் நூத்தி நாப்பது. அஞ்சு வருஷமா அதே நூத்தி நாப்பதுதான். இன்னிக்கு நாப்பத்தி ரெண்டு கன்னு விட்டிருக்கேன். நூத்தி எண்பத்தி ரெண்டு. பதினெட்டு எங்க அண்ணே? அந்தப் பதினெட்டு இருந்தா நான் இங்க இருப்பேன். இல்லேன்னா திங்கக்கிழமை மீன் வெட்டப் போவேன். இதுக்கு மேல மறைக்க எங்கிட்ட ஒண்ணும் இல்ல."

பேரப்பிள்ளைகள் செய்த பெரிய பெரிய தப்பையெல்லாம் கிண்டலாலேயே கடந்துவிடுகிற மிக்கல் கிழவர்கூடத் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார், சாவு வீட்டில் நிற்பதுபோல. பின் அவர் உதடும் அசைய ஆரம்பித்தது. அவருக்குப் பக்கத்தில் இருந்தவரின் உதடும் அசைந்தது.

"அப்ப எனக்கும்..." என்று ஆரம்பித்த மிக்கல், சட்டென்று வாயை மூடிக்கொண்டார். இன்னும் ஒரு வார்த்தை விட்டிருந்தால் அவருடைய எண்ணிக்கையும் வெளியே வந்திருக்கும்.

நீலாஸ் தங்கையின் முழங்கையைப் பிடித்தார். "வா" என்றார்.

* * *

லாரிக்குப் பின்புறம் காற்று அவ்வளவாக இல்லை. பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் கன்றுகள் இடித்துக்கொண்டு நின்றன. நீலாஸ் பக்கத்தில் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார். திட்டப்போகிறார் என்று ரிஸ்தென் காத்திருந்தாள். திட்டினால் திருப்பித் திட்ட அவளிடம் நிறைய இருந்தது.

"நூத்தி முப்பது" என்றார்.

"என்னது?"

"குறைக்கிறதுக்கு முன்னாடி எங்கிட்ட இருந்தது. குறைச்ச பிறகு தொண்ணூத்தி ஒண்ணு."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். விளையாடுகிறவர் இல்லை அவர்.

"பொய் சொல்ற."

"மழை பெஞ்சு மேலே உறைஞ்சுபோச்சே, அந்த வருஷம் ஞாபகம் இருக்கா? அந்தக் குளிர்ல மந்தையைப் பிரிச்சு மேய்ச்சோம், நீங்க எல்லாம் தெக்கே இருந்தீங்க. என் பங்கு வடக்குச் சரிவுல இருந்துச்சு. தனியாத்தான் போய்ப் பார்த்தேன். பாசியெல்லாம் ஐஸுக்கு அடியில. தோண்டித் தோண்டி, முடியாம, அங்கங்க படுத்துக் கிடந்துச்சுங்க." அவர் கையுறையால் மூக்கைத் துடைத்தார். "யார்கிட்டயும் சொல்லல. எத்தனை இருக்குன்னு சொல்லாத ஊருல, எத்தனை செத்துச்சுன்னு மட்டும் எப்படிச் சொல்றது?"

"அண்ணிக்கு?"

"தெரியாது. ஏரிக்கு மீன் பிடிக்கப் போறேனே, பொழுதுபோக்குன்னு எல்லாரும் கேலி பண்றீங்கல்ல? அது பொழுதுபோக்கு இல்ல."

போன கோடையில் அவரை 'மீன்கார அண்ணன்' என்று கூப்பிட்டு எல்லாரையும் சிரிக்க வைத்தவள் ரிஸ்தென்தான். அவரும் சிரித்தார்.

"அதான் பர்சென்ட்டுன்னு நின்னியா?"

"வேற எப்படி நிப்பேன்? தலைக்கணக்குல குறைச்சிருந்தா எல்லாரும் அம்பது அறுபது கொடுத்திருப்பீங்க. நானும் கொடுத்திருக்கணும். அப்புறம் எங்கிட்ட என்ன மிஞ்சியிருக்கும்? பர்சென்ட்டுன்னா எனக்கு முப்பத்தி ஒன்பதோட போச்சு, யாருக்கும் எதுவும் தெரியல. பெரிய மனசுன்னு பேரும் வந்துச்சு." கடைசி வார்த்தையைத் துப்புவதுபோலச் சொன்னார்.

லாரிக்காரர் முன்பக்கத்திலிருந்து கத்தினார்: "வெளிச்சம் போகுதுய்யா! இறக்கணுமா, கிளம்பட்டுமா?"

நீலாஸ் அவளைப் பார்த்தார். "இன்னிக்கு இருபத்தேழு கன்னு வெச்சிருக்கேன். உன் பதினெட்டை இறக்கிக்கோ. அதுக்குப் பதிலா என்னோட பதினெட்டை ஏத்திவிடுறேன். ஒன்பது எனக்குப் போதும்."

"போதுமா?"

"நீ எல்லார் முன்னாடியும் சொல்லிட்ட. நான் இதையாவது செய்யணும்ல."

ரிஸ்தெனுக்கு ஒரு நிமிடம் ஆசையாகத்தான் இருந்தது. அதை மறைத்துச் சொல்வது பொய்யாகிவிடும். பதினெட்டு கன்றும் தன் பட்டிக்குள் ஓடுவதை மனதில் பார்த்துவிட்டாள். திங்கட்கிழமை ஆலைக்குப் போன் செய்து 'வேணாம்' என்று சொல்வதையும் பார்த்துவிட்டாள். அதற்கடுத்து, அண்ணன் பட்டியில் நிற்கும் ஒன்பது கன்றுகளையும் பார்த்தாள்.

இத்தனை வருடம் இவர் பெரிய மந்தைக்காரர் என்று உள்ளுக்குள் பொறாமைப்பட்டிருக்கிறாள். அந்தப் பொறாமை இப்போது போன இடம் தெரியவில்லை. அது இருந்த இடம் காலியாக வலித்தது.

அவள் லாரியின் முன்பக்கம் நடந்தாள்.

"கிளம்புங்க" என்றாள்.

"இறக்கலையா?"

"இல்ல. என் கணக்குலதான் தப்பு. போங்க."

* * *

லாரி சாலைக்கு ஏறி வளைந்து மறைந்தது. ஐவின் கூடாரத்திலிருந்து ஓடிவந்தான். சட்டையில் சர்க்கரைப் பொடி ஒட்டியிருந்தது.

"ஏன் விட்ட? கணக்கு சரிதானே? நான் மறுபடியும் போட்டுப் பார்த்துட்டேன். சரிதான் ரிஸ்தென்!"

"சரிதான்."

"அப்புறம் ஏன்?"

தன் எண்ணிக்கையை இன்று ஊருக்கே சொல்லிவிட்டாள். இனி அது அவளுடையது இல்லை, யார் வேண்டுமானாலும் பேசலாம். ஆனால் இன்னொருவர் எண்ணிக்கையை அவள் எப்படிச் சொல்வாள்? புருஷன் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்லாமல் நிற்பது, ஊர் முன்னால் சொன்னதைவிடக் கஷ்டமாக இருந்தது.

"அவர் மிரட்டினாரா? நான் போய்ப் பேசட்டுமா?"

"நீ ஒரு இடத்துக்கும் போக வேணாம். ஆலைக்கு வர்றேன்னு நான் சொல்லிக்கிறேன்."

"பதினெட்டு கன்னுக்காக ஊர் முன்னாடி அப்படி நின்ன! அந்தப் பதினெட்டையும் விட்டுட்டு வந்திருக்க! எனக்குப் புரியல."

"எனக்கும்தான் புரியல" என்றாள் எரிச்சலோடு. அவனிடம் எரிந்து விழுவதற்கு அவன் ஒன்றும் செய்யவில்லை என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் விழுந்தாள். அவன் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, கயிறுகளைச் சுருட்டப் போனான்.

அப்போது ரவ்னா வந்தாள். நீலாஸின் மனைவி. கையில் சுடச்சுட எலும்பு சூப் சட்டி, தோளில் சால்வை. லாரிப் பக்கம் நடந்தது அதற்குள் அவள் காதுக்கு வந்திருக்க வேண்டும். ஆனால் அவள் முகத்தில் கோபம் இல்லை, ஏதோ ஒரு பரபரப்பு.

"இந்தா, குடி முதல்ல. உதடெல்லாம் நீலமாயிருக்கு. என்னடி பண்ணி வெச்ச? இருநூறுன்னு ஊருக்கே தண்டோரா போட்டியாமே! மிக்கல் இன்னும் தொப்பியைத் தலையில வெக்கல."

"வாய் தவறிடுச்சு அண்ணி."

"உன் வாய் என்னிக்குத் தவறாம இருந்துச்சு? சரி விடு. அண்ணன் தங்கைச்சிக்குள்ள ஆயிரம் இருக்கும். அவரை நீ இன்னிக்கு ஏதாவது மனசு நோகப் பேசியிருந்தாலும் பரவால்ல, நான் சமாதானம் பண்ணிக்கிறேன். ஏன்னா எனக்கு இன்னிக்கு மனசு நிறைஞ்சு இருக்கு." ரவ்னா குரலைத் தாழ்த்தினாள். "நம்ம பொண்ணு இங்காவுக்கு ஈஸ்டர்ல கல்யாணம் பேசி முடிச்சாச்சு. கிழக்குப் பக்கத்துப் பெரிய குடும்பம். நேத்து அந்தப் பையனோட அப்பா வந்திருந்தாரு."

"அப்படியா? சொல்லவே இல்லையே."

"சொல்லாம இருந்தா நல்லதுன்னுதான். அவரும் சும்மா இல்ல, சுத்திச் சுத்தி வளைச்சாரு, பொண்ணுக்கு மான் எத்தனை பிரிச்சுத் தருவீங்கன்னு. எத்தனைன்னு யாராவது கேப்பாங்களா? உன் அண்ணன் அசரல. காபியைக் குடிச்சு முடிச்சுட்டு, நிதானமா ஒரே வார்த்தை சொன்னாரு."

ரிஸ்தென் சூப் சட்டியைக் கீழே வைத்தாள்.

"என்ன சொன்னாரு?"

"'என் மந்தையில பாதி'ன்னாரு. பாதி! அந்த மனுஷன் எழுந்து நின்னு கை கொடுத்தாரு. அவங்க ஊர்ல போய்ச் சொல்லியிருப்பாரு இந்நேரம். ஈஸ்டருக்கு அம்பது பேரோட வந்து, எல்லார் முன்னாடியும் பட்டியில நின்னு பிரிச்சு வாங்கிக்கிறோம்னு சொல்லியிருக்காங்க." ரவ்னாவின் கண் கலங்கியிருந்தது, சந்தோஷத்தில். "இருபது வருஷமா எத்தனைன்னு நான் கேட்டதே இல்ல. கேக்கவும் மாட்டேன். அன்னிக்குக் கண்ணால பார்த்துக்கிறேன். நீயே சொல்லு ரிஸ்தென், பாதின்னா சம்பந்தி வீட்ல வாயடைச்சுப் போயிடுவாங்கல்ல?"

பட்டியின் அந்தப் பக்கம் நீலாஸ் தன் கன்றுகளுக்கு நடுவே தனியாக நின்றுகொண்டிருந்தார். காற்றில் இந்தப் பேச்சு அங்கே கேட்டிருக்க முடியாது. ஆனாலும் அவர் இந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமா அண்ணி" என்றாள் ரிஸ்தென். "வாயடைச்சுத்தான் போவாங்க."